எக்ஸ்மூர் மட்டக்குதிரைக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பது உண்மையா?

இங்கிலாந்தின் டெவனில் வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் புல்நிலம் இருக்கிறது, பத்து வயது மகளுக்காக ஒரு எக்ஸ்மூர் போனி வாங்கலாமா, மூர் எனப்படும் மேட்டுப் புதர்நிலத்தில் தானாகவே பிழைக்கிற இனம் என்பதால் பராமரிப்பே தேவையில்லை என்கிறார்களே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. லாயம் வேண்டாம், குளிர்காலப் போர்வை வேண்டாம், ஓட்ஸ் வேண்டாம், பெரும்பாலும் லாடமும் வேண்டாம். ஆனால் அந்த இரண்டு ஏக்கர் பசும்புல் இருக்கிறதே, அதுதான் உங்கள் பிரச்சினை. மழையும் பனியும் இந்தக் குதிரையை அவ்வளவு சுலபத்தில் ஒன்றும் செய்துவிடாது. நல்ல தீனிதான் அதை நொண்டியாக்குகிறது, சில சமயம் கொன்றும் விடுகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால், அது எந்த நிலத்தில் உருவான உடம்பு என்று முதலில் பார்க்க வேண்டும்.

எக்ஸ்மூர், சோமர்செட்டும் டெவனும் சேரும் இடத்தில் கிடக்கிற மேட்டுநிலம். அதன் மிக உயரமான இடமான டன்கரி பீக்கன் வெறும் 519 மீட்டர்தான். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வருகிற ஈரக்காற்றை மறிக்க முன்னால் எதுவும் இல்லை. செயின்ஸ் எனப்படும் மேட்டுப்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மண் அமிலத்தன்மை கொண்டது, சத்துக் குறைந்தது. வளர்வதெல்லாம் ஹெதர் குறுஞ்செடி, கோர்ஸ் முட்புதர், கோரை, பிராக்கன் பெரணி, அப்புறம் குளிர்காலத்தில் வெளுத்துச் சருகாகிவிடும் மொலினியா புல். வேனிலில் நான்கைந்து மாதம் வயிறு நிறையும். மீதி மாதங்களில் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் உடம்பு அமைந்திருக்கிறது. இனச் சங்கத்தின் விதிப்படி பெட்டைக் குதிரை 12.2 ஹேண்டையும் ஆண் குதிரை 12.3 ஹேண்டையும் தாண்டக் கூடாது. ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம், புள்ளிக்குப் பின்னால் வருவது மிச்ச அங்குலம். ஆக பெட்டை 127 சென்டிமீட்டர், ஆண் ஏறக்குறைய 130. எடை 300 முதல் 350 கிலோ. கால் குட்டை, எலும்பு கனம், நெஞ்சு ஆழம், வயிறு பெரிது. அந்த வயிற்றைப் பார்த்து முதல்முறை பார்ப்பவர்கள் சினை என்று நினைப்பார்கள். உண்மையில் அது நார்ச்சத்து நிறைந்த தீனியை நிறையப் போட்டு நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைக்கிற இடம். நொதிக்கும்போது வெப்பமும் பிறக்கும். குளிர்காலத்தில் இந்தக் குதிரைக்கு உள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், விறகு காய்ந்த புல்.

நிறத்தில் இந்த இனத்தைத் தவறவே விட முடியாது. பழுப்பு, செம்பழுப்பு, மங்கிய மண்நிறம் இவை மட்டும்தான். கால்களின் கீழ்ப்பகுதியும் பிடரியும் வாலும் கறுப்பு. மூக்கைச் சுற்றி, கண்ணைச் சுற்றி, அடிவயிற்றில் மாவு நிறம். வெள்ளைப் பொட்டோ வெள்ளைக் காலோ கூடாது. கண்ணைச் சுற்றி இமை தடித்துப் புடைத்திருக்கும். அங்கே அதைத் தேரைக்கண் என்கிறார்கள். மழைநீரும் பனியும் கண்ணுக்குள் இறங்காமல் அது தடுக்கிறது. வால் தொடங்கும் இடத்தில் விசிறி போலக் குட்டை மயிர் குளிர்காலத்தில் வளரும். முதுகில் வழிந்து வருகிற தண்ணீரை அது இரண்டு பக்கமும் திருப்பிவிடும், இடுக்கில் இறங்க விடாது. மழை அடிக்கும்போது குதிரை ஏன் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது என்பது இந்த வாலைப் பார்த்தால் புரிந்துவிடும்.

குளிர்கால ரோமம் இரண்டு அடுக்கு. அடியில் கம்பளி போன்ற அடர்ந்த மென்ரோமம், மேலே நீளமான, எண்ணெய்ப் பிசுக்குள்ள முரட்டு ரோமம். மேல் ரோமம் நனைந்து தொங்கும், அடி ரோமம் காய்ந்தே இருக்கும். ரோமம் சுழித்து வளர்கிற சுழிகள்கூடத் தண்ணீரை மெல்லிய தோலுள்ள இடங்களிலிருந்து விலக்கிக் கீழே சொட்டவைக்கிற மாதிரி அமைந்திருக்கின்றன. பனி பெய்தால் அது முதுகிலேயே படிந்து கிடக்கும், உருகாது. உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பனி படிந்த முதுகைப் பார்த்துப் பதறிப்போய்ப் போர்வை போர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். போர்வை அந்த ரோமத்தை அமுக்கிவிடுகிறது, அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுகிறது. நல்லது செய்வதாக நினைத்து இருக்கிற கோட்டைக் கெடுக்கிறோம். அதே காரணத்துக்காகத்தான் குளிர்காலத்தில் இதைக் குளிப்பாட்டுவதும் பிசுக்குப் போகத் தேய்ப்பதும் கூடாது. சேணம் வைக்கிற இடத்தில் சேற்றைத் தட்டிவிட்டால் போதும்.

பனியுகத்திலிருந்து கலப்பே இல்லாமல் வந்த ஆதிக் குதிரை என்று விற்பனை விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். கதை அழகாக இருக்கிறது, ஆனால் காட்டுக் குதிரையின் நேரடி வாரிசு என்பதை மரபணு ஆய்வுகள் எதுவும் நிறுவவில்லை. உறுதியாகச் சொல்ல முடிந்தது வேறு. 1086-இல் இங்கிலாந்து அரசர் நடத்திய டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் எக்ஸ்மூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பழக்கப்படாத பெட்டைக் குதிரைகள் பதிவாகியுள்ளன. பிற்காலத்தில் அந்த மேட்டுநிலம் அரசரின் வேட்டைக்காடாக இருந்தது. 1818-இல் அரசு அதை ஜான் நைட் என்ற தொழிலதிபருக்கு விற்றது. காட்டின் கடைசிப் பொறுப்பாளராக இருந்த சர் தாமஸ் ஆக்லண்ட் 30 போலக் குதிரைகளைத் தன் நிலத்துக்குக் கொண்டுபோனார். அக்கம்பக்கத்து விவசாயிகளும் சிலவற்றை வாங்கிவைத்தார்கள். இன்று வின்ஸ்போர்டு ஹில்லில் மேய்கிற ஆங்கர் மந்தை ஆக்லண்டின் மந்தையிலிருந்து வந்தது.

நைட் செய்தது இன்னொன்று. உள்ளூர்க் குதிரையை உயரமாக்கி நல்ல விலைக்கு விற்கலாம் என்று அரபு ரகப் பொலிகுதிரையோடு கலந்தார். பிறந்தவை பார்க்க நன்றாக இருந்தன, மேட்டுநிலத்தில் குளிர்காலத்தைத் தாங்கத்தான் முடியவில்லை. எக்ஸ்மூரில் இன்று வழியெங்கும் தெரிகிற, மண்மேட்டின் மேல் பீச் மரம் நட்ட உயர்ந்த வேலிகள் நைட் குடும்பம் விட்டுப்போனவை. குதிரை விஷயத்தில் அவர்கள் விட்டுப்போனது எதுவும் நிலைக்கவில்லை.

1921-இல் டல்வர்டனில் எக்ஸ்மூர் போனி சங்கம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் இந்த இனத்தை ஏறக்குறைய முடித்தே விட்டது. மேட்டுநிலம் ராணுவப் பயிற்சிக்களமானது. சில குதிரைகள் சுடும் பயிற்சிக்கு இலக்காயின, சில இறைச்சிக்காகத் திருடு போயின. போர் முடிந்தபோது எஞ்சியவை 50-க்கும் குறைவு. மேரி எதரிங்டன் என்ற பெண்மணி ஊர் விவசாயிகளைத் தூண்டிவிட்டு மந்தைகளை மறுபடி சேர்க்கவைத்தார். இன்றுள்ளவை எல்லாம் அந்தச் சிறு எண்ணிக்கையிலிருந்து பெருகியவை. அதனால் இந்த இனத்தில் மரபணுப் பன்மை குறைவு, எதை எதோடு இணைசேர்ப்பது என்பதில் வளர்ப்பவர்கள் மிகக் கவனமாக இருக்கிறார்கள். உங்களுக்கு இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இல்லையென்றால், காயடித்த ஆண் குதிரை வாங்குவது நல்லது. மந்தைக்குத் தேவையான பெட்டை உங்கள் தோட்டத்தில் சும்மா நிற்க வேண்டியதில்லை.

சரி, பராமரிப்புக்கு வருவோம். முதலும் முக்கியமும் லாமினைடிஸ். குளம்புக்குள் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிணைத்து நிறுத்துகிற மெல்லிய திசு அடுக்குகள் வலுவிழந்துபோகிற நோய். முற்றினால் எலும்பு திரும்பிக் கீழே இறங்கும். அந்த வலியைச் சொல்லி முடியாது. வேகமாக வளரும் பசும்புல்லில் சர்க்கரை அதிகம். சர்க்கரை ஏறினால் ரத்தத்தில் இன்சுலின் ஏறும். 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தினார்கள். மூன்று நாளுக்குள் அவை லாமினைடிஸில் விழுந்தன. வேறு எந்த நோயும் தேவைப்படவில்லை. எக்ஸ்மூர் போன்ற மேட்டுநில இனங்களின் உடம்பு கிடைத்த ஒவ்வொரு கவளத்தையும் சேமிக்கப் பழகியது, இன்சுலினும் எளிதில் எகிறுகிறது. மொலினியா சருகில் பிழைக்க உதவிய அதே குணம், ரைகிராஸ் என்ற தீனிப்புல் விதைத்த பால்பண்ணைப் புல்வெளியில் எமனாகிறது.

உங்கள் நிலம் பழைய பால்பண்ணை நிலமாக இருந்தால் உரம் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு ஏக்கரையும் திறந்துவிடாதீர்கள். நிலத்தின் ஓரத்தை ஒட்டி மின்வேலியால் ஒரு குறுகலான பாதை அமைத்து, குதிரை அதில் சுற்றிச் சுற்றி நடக்கும்படி விடுங்கள். தண்ணீர் ஒரு மூலையில், காய்ந்த புல் எதிர்மூலையில். நடையும் கிடைக்கும், புல்லும் குறையும். நடுவில் இருக்கும் புல் முற்றிப் பழுத்ததும் குளிர்காலத்தில் பட்டை பட்டையாகத் திறந்துவிடலாம். ஏப்ரல், மே மாதங்கள் ஆபத்தானவை என்று எல்லாருக்கும் தெரியும். மழைக்குப் பின் புல் மறுபடி துளிர்க்கிற இலையுதிர்காலமும் அப்படித்தான். உறைபனி விழுந்து வெயில் அடிக்கிற காலை வேளையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் புல் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும், குளிரில் வளர முடியாததால் அந்தச் சர்க்கரை தாளிலேயே தேங்கும். வாய்க்கூடு கட்டி மேயவிடுவதும் ஒரு வழி, ஆனால் நாள் முழுக்கக் கட்டிவைக்கக் கூடாது, எக்ஸ்மூர் அதைக் கழற்றுவதில் கெட்டிக்காரனும் கூட.

காய்ந்த புல்லை எடைபோட்டுக் கொடுங்கள். கண்ணளவு இங்கே செல்லாது. எடை குறைய வேண்டிய குதிரைக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்தீனி என்பது பொதுக்கணக்கு. 300 கிலோ குதிரைக்கு அது 4.5 கிலோ, ஈரப்பதத்தைச் சேர்த்தால் தினம் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போய்விடும். கோடையில் நீண்ட நேரம் ஊறவைத்தால் புளித்துவிடும், ஜாக்கிரதை. தாது உப்புக் குறைவுக்குக் குறைந்த கலோரி பேலன்சர் என்கிற சத்துத்தீனி ஒரு கைப்பிடி, உப்புக்கட்டி ஒன்று. அவ்வளவுதான். கேரட்டும் ஆப்பிளும் பிள்ளைகள் ஆசையாக ஊட்டுவார்கள், அந்த ஆசைக்கு அளவு வைப்பது உங்கள் வேலை.

இதைப் படித்துவிட்டு, குண்டாகத் தெரிகிறது என்று திடீரெனப் பட்டினி போட்டுவிடாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரை சாப்பிடுவதை நிறுத்தினால் உடம்பிலுள்ள கொழுப்பு ஒரே வெள்ளமாக ரத்தத்தில் இறங்கி ஈரலை முடக்கும். ஹைப்பர்லிபீமியா என்ற இந்த நிலை வந்த பிறகு காப்பாற்றுவது கடினம். எடை மெல்லத்தான் இறங்க வேண்டும், அதற்குச் சரியான காலம் குளிர்காலம். பிப்ரவரி கடைசியில் விலா எலும்பு கைக்கு எளிதாகத் தட்டுப்பட வேண்டும். இதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் யாராவது முகம் சுளிக்கலாம். மூர் நிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் நடப்பதே அதுதான். மெலிந்து வசந்தத்துக்குள் நுழைகிற குதிரைக்குத்தான் புதுப்புல்லைத் தாங்க இடமிருக்கும். அடர்ந்த ரோமத்துக்குள் கண் ஏமாந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள், எடை நாடாவும் வைத்துக்கொள்ளுங்கள். பிடரிக்குக் கீழே கழுத்து மேடு கெட்டிப்பட்டால் அது எச்சரிக்கை. குதிரை பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது, திரும்பத் தயங்குகிறது, குளம்புக்கு மேலே நாடி அடிப்பது விரலுக்குப் பலமாகத் தெரிகிறது என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பதினைந்து வயது தாண்டிய குதிரைகளில் குஷிங் என்ற ஹார்மோன் நோயும் லாமினைடிஸைக் கொண்டுவரும். அதன் தெளிவான அடையாளம் கோடையிலும் உதிராத நீள ரோமம். எக்ஸ்மூருக்கு இயல்பிலேயே அடர்ந்த ரோமம் என்பதால் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஜூனிலும் குளிர்கால ரோமம் உதிராவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளம்பு கெட்டியானது, ஆனாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து செதுக்க வேண்டும். மேட்டுநிலத்தில் கல்லும் தூரமும் தேய்த்துவிடும், உங்கள் மெத்தென்ற புல்வெளி தேய்க்காது. பல்லை ஆண்டுக்கொரு முறை பார்க்கவும். டெட்டனஸ், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகளை விடாதீர்கள். குடற்புழு மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்த பிறகு கொடுங்கள், மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகிவிட்டன. சிறிய நிலத்தில் லத்தியை அள்ளுவதுதான் மருந்தைவிட நல்ல வழி. மிட்ஜ் என்கிற பொடிக்கொசு கடிக்கு ஒவ்வாமை வந்து பிடரியையும் வாலையும் ரத்தம் வரத் தேய்த்துக்கொள்கிற குதிரைகள் உண்டு. தேங்கிய நீருக்கு அருகில், காற்றில்லாத பள்ளத்தில் வைக்காதீர்கள். மூன்று பக்கம் மூடிய ஒரு கொட்டகை இருக்கட்டும். பனிக்குப் பயந்து அது உள்ளே வராது, ஜூலையில் ஈக்குப் பயந்து வரும்.

செடிகளில் ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூ நச்சுக்களையைக் கண்டால் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பச்சையில் கசப்பதால் ஒதுக்கிவிடும் குதிரை, காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் தின்றுவிடும், ஈரல் மெல்லச் சாகும். வேலியில் கொடிய விஷமான யூ மரம் இருந்தால் குதிரை வருவதற்கு முன்பே அகற்றிவிடுங்கள். இலையுதிர்காலத்தில் விஷமுள்ள சிக்கமோர் மர விதைகள் விழுகிற இடத்தையும் அடைத்துவைக்க வேண்டும்.

இந்தக் குதிரைகளை இன்று இங்கிலாந்துக்கு வெளியிலும் கேட்டு வாங்குகிறார்கள், சவாரிக்காக அல்ல. செக் நாட்டில் மிலோவிட்சே என்ற பழைய ராணுவப் பயிற்சி நிலத்தில் 2015-இல் ஒரு மந்தையை விட்டார்கள். மற்ற செடிகளை அமுக்கி வளர்ந்துகிடந்த முரட்டுப் புல்லை அவை மேய்ந்து குறைத்தன, காட்டுப்பூக்கள் திரும்பி வந்தன. ஏழை நிலத்தில் விட்டால் இந்தக் குதிரை தானும் நன்றாக இருக்கும், நிலத்தையும் சீராக்கும். உங்கள் பக்கத்தில் யாரிடமாவது புதர் மண்டிய சரிவு சும்மா கிடந்தால் குளிர்கால மேய்ச்சலுக்குக் கேட்டுப் பாருங்கள். கோர்ஸ் முள்ளை உதட்டை மடித்துக்கொண்டு எப்படித் தின்கிறது என்று உங்கள் மகளும் பார்க்கலாம்.

குணத்தைப் பற்றி. எக்ஸ்மூரில் சுதந்திரமாகத் திரிகிறவை என்றாலும் அவற்றுக்கு உரிமையாளர் உண்டு, பொது மேய்ச்சல் உரிமையுள்ள விவசாயிகள். இலையுதிர்காலத்தில் மந்தையைத் திரட்டிக் கொண்டுவந்து குட்டிகளைப் பரிசோதித்துத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். அந்தக் குட்டி அதுவரை மனிதக் கை பட்டறியாதது. விலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் பழக்குவதற்குப் பொறுமையும் அனுபவமும் வேண்டும். சின்ன அடைப்பில் இன்னொரு குதிரையோடு விட்டு, கிட்டே போய் நிற்பதிலிருந்து தொடங்க வேண்டும். பயந்து விலகினால் துரத்தாமல், அது திரும்பிப் பார்த்த கணத்தில் நாம் விலக வேண்டும். தோள்மேட்டில் சொறியவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழகிவிட்டால் நிதானமான குதிரை, ஆனால் சொந்த யோசனை உள்ளது. இதைப் பிடிவாதம் என்பார்கள். சதுப்பில் கால் வைக்கலாமா என்று தானே முடிவெடுத்துப் பழகிய மிருகத்திடம் வேறெதை எதிர்பார்ப்பது?

நான்கு வயதுக்கு முன் முதுகில் ஆள் ஏறக் கூடாது. முதுகு அகலம், தோள்மேடு தட்டை, அதனால் சேணம் முன்னால் சரியும். இந்த இனத்துக்குத் தைத்துப் பழகியவரிடம் அளவெடுங்கள். உயரத்துக்கு மீறிய பலம், வண்டி இழுக்கவும் நன்றாக வரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஆறு மாதக் குட்டி வாங்கினால் அது சவாரிக்குத் தயாராகும்போது உங்கள் மகளுக்குப் பதினான்கு நெருங்கியிருக்கும், இடையில் பழக்குவதற்கு உங்களில் யாருக்காவது அனுபவமும் இருக்க வேண்டும். பிள்ளைகளைச் சுமந்து பழகிய, எட்டுப் பத்து வயதான, காயடித்த குதிரையைத் தேடுங்கள். தனியாக வைக்காதீர்கள், மந்தை மிருகம் தனிமையில் வாடும். பாதை வேலி போட்டால் இரண்டு குதிரை அந்த நிலத்துக்கு அதிகமில்லை, புல்லும் கட்டுக்குள் இருக்கும். பாஸ்போர்ட் எனப்படும் குதிரையின் அடையாள ஆவணமும் மைக்ரோசிப்பும் சட்டப்படி கட்டாயம், காசு கொடுக்கும் முன் இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முன்பு லாமினைடிஸ் வந்ததுண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். குளம்புச் சுவரில் வளையங்கள் குதிகால் பக்கம் விரிந்திருந்தால், பதில் என்னவாக இருந்தாலும் வாங்குமுன் மருத்துவரைக் கொண்டு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.